பதினைந்தாயிரம் வெள்ளிக்கு ஒரு பாட்டுப்பெட்டி

கையடக்க மியூசிக் பிளேயர் என்பது பாட்டுக் கோப்புகளைச் சேமித்து வைத்து, இயர்போன் வழியே ஒலிக்கச் செய்வதற்கென்றே உருவான சிறு கருவி. கைப்பேசி இதைத் தன் நூறு வேலைகளில் ஒன்றாகச் செய்கிறது. பிளேயருக்கு இது ஒன்றே வேலை. இருநூறு வெள்ளிக்குள்ளும் (வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட்) இது கிடைக்கும். அதைப் போல எழுபது மடங்கு விலைக்கும் கிடைக்கும். தென்கொரியாவின் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் 2022இல் வெளியிட்ட எஸ்பி3000 பிளேயரின் அமெரிக்க வெளியீட்டு விலை 3,699 டாலர். ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 14,800 ரிங்கிட் ஆகிறது. மலேசியாவில் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளக்காரர் ஒரு காசு செலவழிக்காமல் எட்டரை மாதம் சேர்த்தாலும் கொஞ்சம் துண்டு விழும். இவ்வளவு விலைக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு காதுக்கு வந்து சேர்கிறது என்பவை இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்.

பினாங்கும் பாட்டுப்பெட்டியும்

நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது சோனியின் வாக்மேன். அதன் முதல் மாடல் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1972இல், பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் உருவாகியிருந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது அங்கேதான். கார்களுக்கான ஒலிக்கருவிகள் செய்யும் கிளாரியனும் அந்த மண்டலத்துக்கு முதலில் வந்த நிறுவனங்களில் ஒன்று. பின்னர் சோனியும் பினாங்கில் ஒலிக்கருவித் தொழிற்சாலை நடத்தியது. அதை மூடிச் சிலாங்கூரின் பாங்கியிலுள்ள ஆலையோடு இணைக்கப்போவதாக 2021இல் அறிவித்தது. சோனியின் டிஜிட்டல் வாக்மேன்கள் பலவற்றின் முதுகில் ‘மேட் இன் மலேசியா’ என்ற எழுத்துகளைக் காணலாம். உலகம் காதில் மாட்டிக்கொண்டு திரியும் பொருள்களில் ஒரு பங்கு இந்த நாட்டுத் தொழிலாளர்களின் கைபட்டுப் போனதே.

கேசட்டுக்கு அடுத்து சிடி வந்தது. அதை எம்பி3 பின்தள்ளியது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2000இல் நோமாட் ஜூக்பாக்ஸைக் கொண்டுவந்தது. 2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. 5 ஜிகாபைட், 399 டாலர். பிறகு கைப்பேசியே பாட்டுப்பெட்டியாகிவிட, 2022 மே மாதம் ஆப்பிள் ஐபாடை நிறுத்திக்கொண்டது. சந்தையின் நடுப்பகுதியைக் கைப்பேசி விழுங்கிவிட்டது என்று சொல்லலாம். எஞ்சியவை இரண்டு ஓரங்கள். ஒன்று, ஓட்டப் பயிற்சிக்காரர்களும் பெரியவர்களும் வாங்கும் மலிவான பிளேயர். மற்றது, கைப்பேசியின் ஒலி போதாது என்று நினைப்பவர்களுக்கான விலையுயர்ந்த பிளேயர். இந்த இரண்டாம் வகையைப் பரவலாக்கியவற்றில் ஒன்று 2012இல் வந்த ஆஸ்டெல் அண்ட் கெர்னின் ஏகே100. சோனி, சீனாவின் ஃபியோ, ஐபாஸோ, கேயின் முதலிய நிறுவனங்களும் இந்த ஓரத்தில்தான் கடை விரித்திருக்கின்றன.

பெட்டிக்குள் இருப்பவை

எந்த விலை பிளேயரானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். சேமிப்பில் உள்ள பாட்டு வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை மின்னலையாக மாற்ற ஒரு சில்லு உண்டு. துறையினர் அதை ‘டாக்’ என்பார்கள். அந்த அலை மிக மெலிந்தது. அதற்கு வலுவூட்ட ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும், சுருக்கமாக ஆம்ப். ஆம்பிலிருந்து வரும் மின்சாரம் இயர்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அதிரவைக்கிறது. அந்த அதிர்வே பாட்டு.

விலை ஏற ஏற இந்த வரிசையின் ஒவ்வொரு கண்ணியும் மேம்படுகிறது. ஒரு டாக் சில்லு இருக்கும் இடத்தில் இரண்டோ நான்கோ வரும். ஆம்பின் வலு கூடும். இடது, வலது ஒலிகளைத் தனித்தனிப் பாதையில் கொண்டுபோகும் 4.4 மில்லிமீட்டர் துளை சேரும். மின்கலம் பெரிதாகும், திரை அகலமாகும். உடல் பிளாஸ்டிக்கிலிருந்து அலுமினியத்துக்கும், அங்கிருந்து எஃகுக்கும் செம்புக்கும் மாறும். எஸ்பி3000இன் உடல், விலையுயர்ந்த கைக்கடிகாரங்களுக்குப் பயன்படும் 904எல் ரக எஃகால் ஆனது.

விலை எங்கே போகிறது என்பதைக் காட்ட சோனி 2016இல் ஒன்றாக அறிமுகப்படுத்திய இரட்டைப் பிள்ளைகள் போதும். டபிள்யூஎம்1ஏ என்பதன் அப்போதைய அமெரிக்க விலை சுமார் 1,200 டாலர். டபிள்யூஎம்1இசட் என்பதன் விலை சுமார் 3,200 டாலர். இரண்டிலும் ஒலியை உருவாக்கும் முக்கியச் சில்லு ஒன்றே. சோனி அறிவித்த ஒலி வலுவும் ஒன்றே. மலிவானதன் உடல் அலுமினியம், எடை 267 கிராம். விலையுயர்ந்ததன் உடல் தங்கமுலாம் பூசிய தூய செம்பு, எடை 455 கிராம். உள்ளே ஓடும் கம்பி உயர்ந்த ரகம், சில உறுப்புகள் வேறு, சேமிப்பு இரு மடங்கு. அதாவது 2,000 டாலர் வேறுபாட்டில் பெரும்பங்கு உலோகத்துக்கும் கைவேலைக்கும் உரியது. அரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தவுடனே விலையின் கனம் தெரியும். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கிவிடும்.

காதின் எல்லை

மனிதக் காது நல்ல இளமையில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல்முனை தேய்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி இந்த எல்லையை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. அது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. அந்த அளவுக்கு 22,050 ஹெர்ட்ஸ் வரை உள்ள எந்த ஒலியையும் பிசகின்றித் திரும்பக் கொண்டுவர முடியும் என்பது கணிதம். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுவதால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது.

விலையுயர்ந்த பிளேயர்களின் பெருமை இதற்கு அப்பால் தொடங்குகிறது. ‘ஹை-ரெஸ்’ எனப்படும் கோப்புகள் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். காகிதத்தில் இது பெரிய பாய்ச்சல். காதில் அப்படியா என்பதைச் சோதித்தவர்கள் உண்டு. 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தர வட்டின் ஒலியையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். 554 முயற்சிகளில் 276 முறை மட்டுமே விடை சரியாக இருந்தது. பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளை, 12,500க்கு மேற்பட்ட முயற்சிகளை, ஒன்றுதிரட்டிப் பார்த்தார். சரியான விடை 52.3 விழுக்காடு. தற்செயலைவிடச் சற்று மேல் என்பதால் வேறுபாடு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நூறு முறை கேட்டால் இரண்டே முறை கூடுதலாகப் பிடிபடும் வேறுபாடு அது. பயிற்சி பெற்றவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அதே ஆய்வு குறித்தது.

இன்னொரு புறம், மலிவான டாக் சில்லுகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன. கைப்பேசியில் செருகும் விரல் நீளக் கம்பியொன்றை ஆப்பிள் 9 டாலருக்கு விற்கிறது. அதன் ஒரு முனைக்குள் டாக்கும் ஆம்பும் அடங்கியிருக்கின்றன. ஆய்வுக் கருவிகளால் அளந்தால் அதன் ஒலிப்பிழை சிடி தரத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவு. ஒலியின் தூய்மை என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால், காதின் எல்லையை அந்தச் சின்னக் கம்பியே கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் கொட்டும் ஆயிரங்கள் அளவுக் கருவிக்குத் தெரியும். காதுக்குத் தெரிவது அரிது.

கேட்டது போலத் தோன்றுவது

ஆயினும் விலையுயர்ந்த பிளேயரைக் கேட்டவர்கள் ஒலி வேறு தினுசாக இருப்பதாக உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. முதல் காரணம் சத்த அளவு. இரண்டு கருவிகளில் ஒன்று இம்மியளவு உரக்கப் பாடினாலும் காது அதை ‘உரக்க’ என்று உணராது. ‘தெளிவு’, ‘உயிர்’, ‘ஆழம்’ என்றே உணரும். கடையில் வலுவான ஆம்ப் உள்ள பிளேயர் பெரும்பாலும் வெல்வது இதனால்தான். இரண்டாவது காரணம் விலையே. கலிஃபோர்னியாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது அது கூடுதல் சுவையாக இருந்ததாக அருந்தியவர்கள் சொன்னார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. விலைச்சீட்டு நாக்கையே மாற்றும்போது காது மட்டும் தப்புமா?

இந்த இரண்டையும் விலக்கிப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரே பாட்டு, ஒரே இயர்போன், இரண்டு கருவிகள். முதலில் இரண்டின் சத்தத்தையும் அளந்து சமப்படுத்த வேண்டும். கேட்டுச் சமப்படுத்தினால் போதாது, வோல்ட்மீட்டர் வேண்டும். பிறகு கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, வேறொருவர் நாணயத்தைச் சுண்டிவிட்டு, விழுந்தபடி கருவியை மாற்ற வேண்டும். பத்து முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எது எதுவென்று எழுத வேண்டும். வெறும் ஊகத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான்; அப்படி வந்தால் வேறுபாடு பெரும்பாலும் மெய். ஐந்து ஆறு என்று நின்றால், அந்தக் காதுக்கு இரண்டு பெட்டியும் ஒன்றே.

பாட்டு எப்படிப் பதிவாயிற்று

பிளேயர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பதிவில் உள்ளதைத் திருப்பித் தருகிறது. தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது முக்கியம். எழுபதுகளின் நடுப்பகுதிவரை தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், பதிவானவை. 1978இல் இளையராஜா இசையில் வந்த ‘ப்ரியா’வே தமிழின் முதல் ஸ்டீரியோ பாடல் பதிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முந்திய பாடலை எந்தப் பெட்டியில் போட்டாலும் இடது வலது விரிவு வராது. எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாடலில் கேட்கும் இரைச்சல் அந்தப் பதிவு நாடாவின் இரைச்சல். நல்ல பிளேயர் அதை இன்னும் தெளிவாகக் கேட்கவைக்கும், அவ்வளவுதான்.

கோப்பின் தரம் அடுத்தது. சிடியில் ஒரு நொடி ஸ்டீரியோ ஒலிக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது. ஒரு காலத்தில் கடைத்தெருவெங்கும் விற்ற எம்பி3 வட்டுகளில் அதே ஒரு நொடி 128 கிலோபிட்டில் அடங்கியிருந்தது. பதினொன்றில் ஒரு பங்கு. அதனால்தான் ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டுக்கு மேல் கொள்ளும். பலரின் கணினியில் இன்றும் இருப்பவை அந்தக் கோப்புகளே. நீக்கப்பட்ட நுணுக்கங்கள் போனவை போனவைதான். அவற்றை ‘ஃபிளாக்’ போன்ற இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர ஒலி திரும்பாது. உமியை எத்தனை முறை குத்தினாலும் அரிசி வராது. மாறாக, ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் இழப்பற்ற ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. பழைய எம்பி3யிலிருந்து அதற்கு மாறுவது, கைப்பேசியிலிருந்து பத்தாயிரம் ரிங்கிட் பிளேயருக்கு மாறுவதைவிடப் பெரிய மாற்றம்.

இயர்போனின் பங்கு

ஒலியின் நிறத்தை மிகுதியும் தீர்மானிப்பது இயர்போன். இரண்டு பிளேயர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அளக்க நுண்கருவி வேண்டும். இரண்டு இயர்போன்களுக்கு இடையே உள்ளதைச் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் இங்கும் விலை வழிகாட்டியாவதில்லை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் ஒலிப்போக்கை அளந்து விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பது முடிவு.

காதோடு பொருந்துவது விலையைவிட முக்கியம். காதுக்குள் செருகும் இயர்போனோடு சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ரப்பர் முனைகள் வரும். பலர் முதலில் மாட்டியிருப்பதையே கடைசிவரை வைத்துக்கொள்கிறார்கள். முனை சிறிதாக இருந்தால் மயிரிழை இடைவெளி வழியே அடித்தள ஒலி கசிந்துவிடும். தவில் தகர டப்பாவாகிவிடும். சரியான முனையைப் போட்டதும் வெளிச்சத்தம் சட்டென்று அடங்கி, மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் வந்து விழும். செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

கம்பியில்லா இயர்போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. புளூடூத் வழியே பாட்டு எண்களாகவே பயணம் செய்கிறது. அதை மின்னலையாக மாற்றும் டாக்கும் ஆம்பும் இயர்போனுக்குள்ளேயே இருக்கின்றன. எனவே பதினைந்தாயிரம் ரிங்கிட் பிளேயரோடு புளூடூத் இயர்போனை இணைத்தால், அதிலுள்ள டாக்குக்கும் ஆம்புக்கும் வேலையே இல்லை. சோனியின் எல்டாக் என்ற உயர்தரப் புளூடூத் முறைகூட நொடிக்கு 990 கிலோபிட்டுக்கு மேல் அனுப்பாது. சிடியின் அளவைவிட அது குறைவு.

எங்கே கேட்பது

கையடக்கக் கருவி என்றாலே வெளியில் கேட்பதற்குத்தான். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வரும் ஃபெர்ரியில் எஞ்சினின் உறுமல் இருக்கும். ரேப்பிட் பினாங்கு பேருந்தில் ஏர்கானும் சாலை இரைச்சலும் இருக்கும். ஓடும் பேருந்துக்குள் 70 டெசிபல் இரைச்சல் சாதாரணம். 120 டெசிபல் இடைவெளி தருவதாகச் சொல்லும் பிளேயரின் மெல்லிய ஒலிகளெல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில் மூழ்கிப்போகும். மூழ்கியதை மீட்கச் சத்தத்தைக் கூட்டுவார்கள். அது காதுக்குக் கேடு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பயணத்தில் கேட்பவர்களுக்கு வெளியிரைச்சலை அடக்கும் ஹெட்போனே பயன் தரும். உயர்ந்த பிளேயரின் நுணுக்கம் வேலைக்கு வருவது, இரவில் மின்விசிறியும் நின்ற அறையில்தான்.

யாருக்கு வாங்கத் தகும்

இவ்வளவுக்குப் பிறகும் விலையுயர்ந்த பிளேயருக்குச் சில நியாயங்கள் உண்டு. சென்ஹைசரின் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்கு வலுவான ஆம்ப் வேண்டும். கைப்பேசியில் அவை முனகும். மிகக் கூருணர்வுள்ள சில இயர்போன்கள் தரங்குறைந்த ஆம்பில் ‘உஸ்’ என்று இரையும், அவற்றின் ஒலி நிறமும் மாறும். நல்ல பிளேயரில் அது நேராது. பாட்டின் நடுவே அழைப்பு வராது, கைப்பேசியின் மின்கலமும் கரையாது. இணையம் எட்டாத இடத்திலும் சேமிப்பு அட்டையில் உள்ள ஆயிரக்கணக்கான பாட்டுகள் கைவசம் இருக்கும். ஆனால் இந்த நன்மைகள் யாவும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரிங்கிட் பிளேயர்களிலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் விலை ஏறும் வேகத்துக்கு ஒலி ஏறுவதில்லை. மேற்கொண்டு கொடுப்பது செம்புக்கும் தங்கமுலாமுக்கும், ஒரு நல்ல பொருளை வைத்திருக்கும் நிறைவுக்கும். பட்டுப்புடவையையும் கைக்கடிகாரத்தையும் வாங்குபவர்கள் இதே நிறைவுக்குத்தான் கொடுக்கிறார்கள், அதில் தவறில்லை. காதுக்காக வாங்குவதாக நினைத்துக் கொடுப்பதில்தான் தவறு.

ஆயுளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிளேயரின் மின்கலம் பெட்டிக்குள் ஒட்டி மூடப்பட்டிருக்கும். சில நூறு முறை மின்னேற்றிய பிறகு லித்தியம் மின்கலத்தின் கொள்ளளவு குறையத் தொடங்கும். ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயர்களுக்குப் புதிய பதிப்புகள் அரிதாகவே வரும். சில ஆண்டுகளில் பாட்டுச் செயலிகள் அவற்றில் திணறும். நல்ல ஹெட்போனோ, காதுப் பஞ்சு மாற்றினால் இருபது ஆண்டுகூட உழைக்கும். பினாங்கில் கொம்தார், பிராங்கின் மால் பக்கத்துக் கடைகளில் ‘ஏபி செட்’ எனப்படும் நேரடி இறக்குமதிப் பொருள் மலிவாகக் கிடைத்தாலும், பழுதானால் நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் அதற்குப் பொருந்தாமல் போகலாம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

எனவே செலவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நல்ல பதிவு. இழப்பற்ற கோப்பு அல்லது அத்தகைய சந்தா. அடுத்து காதுக்குப் பொருந்தும் கம்பி இயர்போன். இருநூறு முந்நூறு ரிங்கிட்டிலேயே தேர்ந்தது கிடைக்கும். பிறகு ஐம்பதோ நூறோ ரிங்கிட்டுக்கு ஒரு செருகு டாக். இவற்றுக்குப் பிறகும் ஹெட்போன் வலு கேட்டால் ஆயிரம் ரிங்கிட் அளவில் ஒரு பிளேயர். பதினைந்தாயிரம் வெள்ளிப் பெட்டி இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. முன்னவை எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, மறைத்து வைத்துப் பத்து முறை கேட்டு ஒன்பது முறை கண்டுபிடித்தவருக்கு.